நாலு தூண் கந்தோர்

எங்கள் வீட்டுக்கு முன்னால் நான்கு தூண்கள் நின்றன. ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தடிப்பு, உச்சியில் தட்டையான ஒரு தொப்பி, நான்கு தொப்பிகளுக்கும் மேலே ஒரு பெரிய முக்கோணம், முக்கோணத்தின் நடுவில் வட்டமாக ஒரு துளை. எல்லாம் வெள்ளை. தெருவில் நின்று பார்த்தால் கிரேக்க தேசம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் தகரக் கூரை, கோழிக்கூடு, துணி காயும் கம்பி. மாத்தளையில் இருந்த மற்ற வீடுகளின் பின்பக்கத்துக்கும் எங்கள் வீட்டின் பின்பக்கத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

பத்து வயதில், இந்த வீட்டின் விறாந்தையில், நான் ஒரு முற்பகல் மட்டும் அரசாங்க உத்தியோகம் பார்த்தேன். விண்ணப்பம் போடாமல், பரீட்சை எழுதாமல், யாருடைய சிபாரிசும் இல்லாமல் கிடைத்த உத்தியோகம். அதனால் லக்கலப் பக்கத்து மனிதர் ஒருவர் தன் ஒரு வருடச் சாப்பாட்டை இழக்கப் பார்த்தார். நான் என் மூளையை இழந்தேன். அவருடையது திரும்பக் கிடைத்தது.

ஆனால் முதலில் தூண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றத்துக்கு உடந்தை அவைதான்.

அப்பா கச்சேரியில் கிளாக்கர். எங்கள் பக்கம் கந்தோர் என்றால் காரியாலயம், கச்சேரி என்றால் மாவட்டக் காரியாலயம். அங்கே பாட்டு கிடையாது, கோப்புக் கட்டுகள்தான். எழுபத்தேழில், கலவரம் நடந்த வருடம், வேறொரு பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தகரப் பெட்டியோடு மாத்தளைக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பட்டணத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. வாசலுக்கு மேல் பிள்ளையார் மாடம் வைத்த வீடு. அது என்ன ஆயிற்று என்று கேட்டால் அம்மா அடுப்பைப் பார்ப்பார், அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நானும் அதற்குமேல் கேட்கமாட்டேன். எனக்கு வேறு வேலைகள் இருந்தன. உதாரணமாக, மலைநாட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய் அவர்களுடைய பேச்சைப் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் எல்லோருக்கும் தொற்றவைப்பது. வடக்கே இருந்த சொந்தக்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் அளவுக்கு அந்த வேலையைத் திருப்தியாகச் செய்து முடித்திருந்தேன்.

சில வருடங்கள் வாடகை வீட்டில் இருந்த பிறகு அப்பா சொந்த வீடு கட்டத் தொடங்கினார். திட்டம் எல்லாம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார் போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசன் நானாவையும், அதாவது வீடு கட்டப் பேசியிருந்த முஸ்லிம் கொத்தனாரையும், என்னையும் கூட்டிக்கொண்டு எல்கடுவ பஸ்ஸில் ஏறினார். அங்கே தேயிலைக்கு நடுவில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் எப்போதோ கட்டிய பங்களா ஒன்று இருந்தது. முன்னால் நான்கு தூண்கள். அப்பா அதை அளக்க வேண்டும் என்றார். காவல்காரர் ஒரு சுருட்டு வாங்கிக்கொண்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

தூணின் சுற்றளவை எப்படி எடுப்பது என்று நானா தலையைச் சொறிந்தார். அளவு நாடா வீட்டில். அப்பா ஒரு பக்கமிருந்து தூணைக் கட்டிப்பிடித்தார். மறுபக்கமிருந்து நான் கட்டிப்பிடித்தேன். ஆக, ஒரு தூண் என்பது அப்பாவின் இரண்டு கைகளும் என்னுடைய ஒன்றரைக் கையும். நானா அதைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டார். பிறகு தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஐயா, இந்தத் தூண் நேரா இல்லியே. நடுவுல லேசா வயிறு வெச்சீக்கி."

"பழசுல்ல. உப்பியிருக்கும்," என்றார் அப்பா.

அன்று மாலை வீட்டில் இந்த வயிற்றுப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவர் மாமா. மாமா அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார், எங்களோடுதான் இருந்தார். அப்பா எதைச் செய்தாலும் அதில் ஒரு வேடிக்கை கண்டுபிடிப்பது அவருடைய இரண்டாவது உத்தியோகம்.

"அது உப்பல் இல்ல அத்தான். கிரேக்கக்காரனோட தந்திரம். நேரா கட்டினா தூரத்துல இருந்து பாக்குறவன் கண்ணுக்கு இடுப்பு ஒட்டின மாதிரி தெரியும். அதனால கொஞ்சம் வயிறு வெச்சுக் கட்டினான். நேரா தெரியணும்னா கொஞ்சம் வளைக்கணும். உங்க கச்சேரியிலயும் அப்படித்தானே."

அப்பா குழம்புச் சட்டியை இழுத்துக்கொண்டார். மாமாவுக்கு அது போதும். சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தத் தூணின் பூர்வீகம் முழுவதையும் எடுத்துவிட்டார். முதலில் கிரேக்கர்கள் மரத்தில்தான் கோயில் கட்டினார்களாம். அடிமரம்தான் தூண். கூரைச் சட்டங்களின் நுனிகள் வெளியே வரிசையாகப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கூரையின் முகப்புத்தான் அந்த முக்கோணம். பிறகு கல்லுக்கு மாறினார்கள். கல்லுக்குச் சட்டமும் தேவையில்லை, ஆப்பும் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பற்களை விடாமல் கல்லில் செதுக்கி வைத்தார்கள், சாமிகளுக்குப் பழைய வீடு பழகிப்போயிருக்கும் என்பது மாதிரி. ரோமர்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள். அப்புறம் அதெல்லாம் இடிந்து, மண் மூடி, பல நூறு வருடம் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. இத்தாலியில் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்த பட்டணங்களை, இருநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால், தோண்டி எடுக்கத் தொடங்கினார்களாம். தெரு, சுவர், சட்டி பானை எல்லாம் அப்படியே. அந்த நேரம் ஐரோப்பாவில் கட்டடம் என்றால் கல்யாணக் கேக் மாதிரி, சுருளுக்கு மேல் சுருள், தங்கப்பூச்சு, சிறகு வைத்த குழந்தைகள். சனங்களுக்கு அது திகட்டிப் போயிருந்தது. காசுள்ள வீட்டு இளைஞர்கள் கொப்பியும் கயிறும் எடுத்துக்கொண்டு ரோமாபுரிக்கும் ஏதென்சுக்கும் போய், இடிந்த கோயில்களை அங்குலம் அங்குலமாக அளந்து வந்தார்கள். ஊருக்குத் திரும்பி நேர்கோடு, வெறும் சுவர், இடமும் வலமும் ஒரே கணக்கு, மேலே ஒரு முக்கோணம் என்று கட்டத் தொடங்கினார்கள். வங்கி, நீதிமன்றம், நூதனசாலை எல்லாம் அந்தப் பாணி. பழைய குடியரசுகளைப் போல நாங்களும் சட்டப்படி, அறிவுப்படி நடக்கிறவர்கள் என்று அந்தத் தூண்கள் சொல்ல வேண்டுமாம். பிறகு அதே தூண்கள் கப்பலேறி, ஆளப்போன நாடுகளுக்கெல்லாம் போயின.

"மரம் கல்லாச்சு. கல்லு செங்கல்லாச்சு, மேல சுண்ணாம்பு பூசி கல்லுன்னு சொல்லிட்டாங்க. அதைப் பாத்து எல்கடுவ தொரை கட்டினாரு. இப்ப தொரையைப் பாத்து அத்தான் கட்டப் போறாரு," என்று மாமா முடித்தார்.

"அப்ப காப்பி அடிச்சவன்கிட்ட காப்பி அடிக்கிறோமா?" என்று அம்மா கேட்டார். "அந்தச் சீமெந்துல எனக்கொரு குசினி பெருசா கட்டலாம்."

மாமா விடவில்லை. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில், நம் மண்ணிலேயே கருங்கல்லில் கோயில் போலக் கட்டிய கெடிகே என்ற பழைய பௌத்த விகாரை இருக்கிறதே, மாதிரி வேண்டுமென்றால் அதைப் பார்த்துக் கட்டக்கூடாதா என்று கேட்டார்.

அப்பா வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினார். "கோயில் மாதிரி கட்டினா இது யாரு வீடுன்னு கேப்பாங்க. விகாரை மாதிரி கட்டினாலும் கேப்பாங்க. கந்தோர் மாதிரி இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் பேச்சை நிறுத்திய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு என்பதால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அந்த இடைவெளியில் அவர் தட்டில் இருந்த அப்பளத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

கட்டட வேலை நடந்த மாதங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். முக்கோணத்துக்குக் கீழே வரிசையாக வைக்க வேண்டிய பற்களுக்கு அச்சு கிடைக்காமல், நானா சவர்க்காரப் பெட்டிகளில் சீமெந்தை ஊற்றி வார்த்தார். தெருவில் இருந்த எல்லா வீட்டுக் குளியலறைகளிலும் சவர்க்காரப் பெட்டி திருடியவன் நான்தான். தூணின் தலைக்கு நானா பூவும் இலையும் வைக்க ஆசைப்பட்டார். ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் சுருட்டி விடலாம் என்று மாமா சொன்னார். அப்பா இரண்டையும் மறுத்துவிட்டார். கந்தோருக்குப் பூ எதற்கு?

இடப்பக்கம் ஒரு யன்னல் இருந்ததால் வலப்பக்கமும் ஒரு யன்னல் வேண்டியிருந்தது. வலப்பக்கம் அறை இல்லை. ஆகவே யன்னலை வைத்து, உள்ளே சுவரையும் வைத்தார்கள். அம்மா அதைத் திறந்து பார்த்து, "நல்ல காத்து," என்று சொல்லிவிட்டு மூடினார். வாசலில் பெயர்ப்பலகை இல்லை. பிள்ளையார் ஸ்டோர் அறைக்குள் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் குடியேறினார். கோலத்தைக்கூட அம்மா குசினி வாசலில்தான் போட்டார். அப்பாவுக்கு உத்தியோகப் பைத்தியம் முற்றிவிட்டது, வீட்டிலும் கச்சேரியில் இருப்பது போலவே இருக்க ஆசைப்படுகிறார் என்று நான் தீர்மானித்திருந்தேன்.

குடிபுகுந்த முதல் கிழமையே ஒருவர் வந்து நாய்க்கு லைசன்ஸ் எங்கே எடுப்பது என்று கேட்டார். அடுத்து ஒரு பெண் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டு வந்தார். தூணையும் முக்கோணத்தையும் கண்டவுடன் சனங்கள் தாமாகவே செருப்பைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அம்மா கையில் அகப்பையோடு வந்து வழி சொல்லி அனுப்புவார். அப்பாவிடம் சொன்னால், கோபப்படாமல், "வந்தாங்களா?" என்று மட்டும் கேட்பார். பரீட்சையில் பாஸ் ஆனவன் மாதிரி ஒரு முகம்.

என் பதவிக்காலம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறையில். மாமா தன் வகுப்புக்காக வெண்டிக்காய் அச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தவர், சுருட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ விழும். விறாந்தையில் மேசை, கதிரை, ஊதா மை, நறுக்கிய வெண்டிக்காய், நான். இந்த நிலையில்தான் அந்தக் கிழவர் படியேறி வந்தார்.

வெள்ளைச் சாரம், பொத்தான் ஒன்று குறைந்த சட்டை, கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காகிதம். அவர் பேசியது சிங்களம். எனக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. லக்கலையிலிருந்து விடியும் முன்பே நடந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். யானைகள் இறங்கி, காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனையில் குரக்கன் என்ற கேழ்வரகு முழுவதையும் தின்று, தானியம் வைத்த குடிசையையும் தள்ளிவிட்டுப் போய்விட்டனவாம். நட்டஈட்டு மனு கொண்டு வந்திருக்கிறார்.

"பெரிய மாத்தயா இருக்கிறாரா?" மாத்தயா என்றால் ஐயா.

இந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டிருப்பான். நான் காலைத் தொங்கவிடாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய மாத்தயா வெளியே போயிருக்கிறார், மனுவை என்னிடம் தரலாம் என்று சொன்னேன். கிழவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தூண்களைப் பார்த்தார். தூண்கள் எனக்குச் சாட்சி சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பிரதிகளையும் மேசையில் வைத்தார்.

"போன தரம் கொடுத்தபோது முத்திரை குத்தித் தரவில்லை. பிறகு போய்க் கேட்டால் மனுவே வரவில்லை என்றார்கள். இந்தத் தரம் முத்திரை குத்தித் தாருங்கள், சின்ன மாத்தயா."

நியாயமான கோரிக்கை. வெண்டிக்காயை ஊதா மையில் நன்றாகத் தோய்த்து இரண்டு பிரதியிலும் ஓங்கிக் குத்தினேன். அழகாக விழுந்தது. கிழவர் பூவின் மேல் ஊதி மையைக் காயவைத்து, தன் பிரதியை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பத்து வயதுப் பையனை அறுபது வயது மனிதர் கும்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நாள் முழுக்கச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வந்தார். காலையிலிருந்து லக்கலச் சனம் வரிசையில் நிற்பதாக அம்மாவிடம் அலுத்துக்கொண்டார். யானைச் சேத மனு வாங்குவது அன்று நாலு மணியோடு முடிகிறதாம்.

"குடுக்காட்டி என்ன ஆகும்பா?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும். யானை சாப்பிட்டது சாப்பிட்டதுதான்."

மாமாவின் பக்கம் திரும்பி, யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பற்றி விசாரிப்பது போல, கந்தோரில் வேலை செய்யாத ஒருவன் முத்திரை குத்தினால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"கள்ள முத்திரையா? கண்டி மறியல்ல ரெண்டு வருஷம் கம்பி எண்ணணும்."

"சின்னப் பையன்னா?"

"சின்னப் பையன்னா ஒரு வருஷம். பஸ்ல மாதிரி, அரை டிக்கட்."

அப்பா கை கழுவினார், சைக்கிளில் ஏறினார், போனார். அவரிடம் சொல்ல எனக்கு ஆறு சந்தர்ப்பம் கிடைத்தது, எண்ணி வைத்திருக்கிறேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் வேலை செய்வது கால், அடுத்தது வயிறு, வாய் அந்த வரிசையிலேயே இல்லை. மனுவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். கிணற்றில் போடலாமா? மிதக்கும். எரிக்கலாமா? அடுப்புக்குப் பக்கத்தில் அம்மா. தின்றுவிடலாம் என்று ஒரு மூலையைக் கடித்தும் பார்த்தேன். மூன்று பக்க மனுவை உப்பில்லாமல் தின்ன முடியாது.

இரண்டு மணியளவில் எங்கள் வாசலில் ஒரு காக்கி ஜீப் வந்து நின்றது.

சப்பாத்துச் சத்தம் படியேறியது. யாரோ சிங்களத்தில் ஏதோ கேட்க, அம்மா பதில் சொல்வது கேட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்குள் நான் ஸ்டோர் அறையில் அரிசிப் பெட்டி மேல் ஏறி, பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, கரண்ட் வயர் பார்ப்பதற்காகச் சீலிங்கில் விட்டிருந்த பலகையைத் தள்ளி, மேலே போய், பலகையை மூடிவிட்டு, விறாந்தைப் பக்கமாகச் சட்டங்களின் மேல் தவழ்ந்து முக்கோணத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தேன்.

பயத்தில் இருந்தாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த இடம் அதிசயமாக இருந்தது. வெளியே அவ்வளவு வெள்ளையாக, நேராக இருந்த முக்கோணம் உள்ளே பூசாத செங்கல், பிதுங்கிய சீமெந்து, நானா மறந்துவிட்டுப் போன இரண்டு சவர்க்காரப் பெட்டி. வட்டத் துளை வழியாக ஒரு வெளிச்சக் கம்பு உள்ளே வந்து விழுந்துகொண்டிருந்தது. இருட்டு பழகியதும் எது எதைத் தாங்குகிறது என்று தேடிப் பார்த்தேன். தகரக் கூரை சுவரில் உட்கார்ந்திருந்தது. தூண்கள் முக்கோணத்தைத் தாங்கின. முக்கோணம் எதையுமே தாங்கவில்லை. அத்தனை தடித்த நான்கு தூண்களும் தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்காக மட்டும் நின்றுகொண்டிருந்தன. ஆட்டுக்கொம்பும் பூவும் வேண்டாம் என்ற அப்பா, இவ்வளவு பெரிய விளையாட்டுச் சாமானை எதற்குக் கட்டினார்?

அம்மா என்னைக் கூப்பிடுவது கேட்டது. முதலில் சாதாரணமாக, பிறகு முழுப்பெயரில், பிறகு வேறு ஒரு குரலில். ஸ்டோர் அறைக்குள் இரண்டு தரம் வந்து தேடினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மாமா செருப்பில்லாமல் கச்சேரிப் பக்கமாக ஓடுவதைத் துளை வழியாகப் பார்த்தேன். மாமா ஓடி நான் பார்த்ததே இல்லை.

அப்பா வந்தார். வந்த வேகத்தில் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டார். தன் சைக்கிளை ஒவ்வொரு நாளும் துடைத்துச் சுவரில் சாய்த்து வைக்கும் மனிதர்.

"ஜீப்புல யாரு வந்தாங்க? பேர் கேட்டாங்களா? எந்தப் பக்கம் போனாங்க?"

"கச்சேரிக்கு வழிதான் கேட்டாங்க," என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது. "போயிட்டாங்க. அதுக்குப் பிறகுதான் பையனைக் காணல."

"பேர் கேட்டாங்களான்னு கேக்குறேன்."

அப்பாவின் முகம் எனக்கு நேர் கீழே இருந்தது. சாம்பல் நிறம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கள்ள முத்திரை விஷயம் கச்சேரி வரைக்கும் போய்விட்டது. என் பெயரைத்தான் தேடுகிறார்கள். அப்பாவின் உத்தியோகமும் போய்விட்டது. வாயைத் துளையில் வைத்துக் கத்தினேன்:

"அப்பா, நான்தான் குத்தினேன்."

அப்பா, அம்மா, பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்த மாமா மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு அப்பா மட்டும் மெதுவாக முக்கோணத்தைப் பார்த்தார்.

அவர் மேலே ஏறி வந்தார். வெள்ளைக் காற்சட்டை முழுவதும் தூசியாகத் தவழ்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. என் தலையையும் தோளையும் கைகளையும் தடவிப் பார்த்தார். தூசி தட்டுகிறார் என்று நினைத்தேன். நான் அழுதுகொண்டே மனுவை எடுத்து நீட்டினேன். துளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பூவைப் பார்த்தார். கடித்த மூலையைப் பார்த்தார். ஆனால் அவர் கேட்டது மனுவைப் பற்றியே அல்ல.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"ஜீப் வந்ததிலிருந்து."

"அம்மா கீழ ரூமுக்குள்ள வந்து தேடினாங்களா?"

"ரெண்டு தரம்."

"மேல பாக்கலையா?"

"பாக்கல."

அப்பா சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். செங்கல்லைத் தடவினார். கையால் சாண் போட்டு அகலத்தை அளந்தார். துளையில் கண்ணை வைத்துக் கீழே கூப்பிட்டார்.

"மச்சான், என்னைத் தெரியுதா?"

"குரல்தான் கேக்குது அத்தான்," என்றார் மாமா தெருவிலிருந்து.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அம்மாவால இதுல ஏற முடியுமா?"

தனியாக அடிக்க மனமில்லாமல் அம்மாவையும் மேலே வரவழைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பேச்சை மாற்றுவதற்காக, "அப்பா, நாலு மணியாகப் போகுது," என்றேன்.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கிழவரின் நினைவே வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாங்கள் இறங்கிய வேகத்தில் பிள்ளையார் இரண்டாம் முறை மிதிபட்டார். என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு மிதித்தார். மனு வாங்கும் மேசையில் இருந்தவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அப்பா மூச்சு வாங்க மனுவை நீட்டினார். அவர் பூவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எந்தத் திணைக்களத்து முத்திரை?"

"புதுசு," என்றார் அப்பா.

அவர் சிரித்துக்கொண்டே அதற்குப் பக்கத்தில் தன் வட்ட முத்திரையைக் குத்தி, மனுவைக் கட்டோடு சேர்த்தார். நாலு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. எனக்கு மறியல் இல்லை என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. வீடு வரும் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மேசன் நானா மறுபடி வந்தார். ஸ்டோர் அறைச் சுவரில் இரும்புப் படி, முக்கோணத்துக்குள் உட்காரப் பலகை என்று அப்பா சொன்னார்.

"அந்த மூலைக்குள்ள என்னத்துக்கு ஐயா பலகை? புறா வளக்கப் போறீங்களா?"

"ஆமா நானா. நாலு புறா."

நானா வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மா, மாமா, நான் என்று எங்கள் மூவரையும் பார்த்தார். நல்ல தடித்த பலகையாகத் தேடிக் கொண்டுவந்து அடித்தார். போகும் முன், யாரும் கேட்காமலே, சீலிங் பலகைக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துக் கிழவர் வந்தார். நட்டஈடு கிடைத்துவிட்டது, குடிசைக்குக் கூரை போட்டாயிற்று. சோளம் ஒரு பை கொண்டுவந்திருந்தார். அப்பா அவரை விறாந்தை வாங்குப் பலகையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, இது கந்தோர் இல்லை, வீடு என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். கிழவர் நம்பவில்லை. தூண்களைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். "மற்றக் கந்தோர்களில் எல்லாம் வட்டம்தான் குத்துவார்கள். இங்கே மட்டும்தான் பூ. பூதான் வேலை செய்தது," என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக அடக்கமாக இருந்தேன்.

அதற்குள் முக்கோணம் மெல்ல மெல்ல ஒரு அறையாகிக்கொண்டிருந்தது. ஒரு பாய் போயிற்று. தண்ணீர்க் கலன் ஒன்று போயிற்று. மூடி இறுக்கிய தகரத்தில் பிஸ்கட் போயிற்று. அந்தப் பிஸ்கட்டை நான் திருடித் தின்றேன். அப்பா மறுபடி நிரப்பினார். பழைய பட்டணத்திலிருந்து வந்த அந்தத் தகரப் பெட்டியும் ஒரு நாள் மேலே போனது. மனுவைக் காப்பாற்றியதற்காக எனக்கு ஒரு விளையாட்டு அறை கட்டித் தருகிறார், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். நன்றிக்காகச் செங்கல்லில் கரியால் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு வெண்டிக்காய்ப் பூவும் போட்டேன். மறுநாள் பூ இருந்தது. பெயர் அழிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திடீரென்று, எல்லோரும் மேலே ஏறிப் பார்ப்போம் என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதலில் நான் ஏறினேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படியைத் திட்டிக்கொண்டு ஏறினார். மாமா ஏறினார். கடைசியாக அப்பா வந்து தாழ்ப்பாளைப் போட்டார். நால்வரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அப்பா கைக்கடிகாரத்தைத் துளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலு நிமிஷம்," என்றார். "ரெண்டுல ஏறணும்."

மாமா வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அம்மாவின் மூக்கு நுனியில் ஒரு ஒட்டடை ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. அப்பா சட்டென்று என் வாயைக் கையால் பொத்தினார். அழுத்தமாக இல்லை, மெதுவாகத்தான். ஆனால் எடுக்கவில்லை. கீழே தெருவில் யாரோ ஒருவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தச் சக்கரத்தின் கிரீச்சொலி தொலைவில் மறையும் வரைக்கும் அப்பா துளை வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிஸ்கட் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் ஒரு விளையாட்டு, அதிக நேரம் சத்தம் போடாமல் இருப்பவர்தான் வெற்றி என்று நான் நினைத்தேன். ஆகவே அப்பா கையை எடுத்த பிறகும் பேசவில்லை. மற்ற மூவரில் முதலில் தோற்றது அம்மா; முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தும் ஒரு விம்மல் வெளியே வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் தோற்றுவிட்டார் என்று அவரைப் பார்த்து விரலை நீட்டினேன்.

நான்தான் ஜெயித்தேன்.